'கோல் அடிக்காதீங்கடா' என்று சொன்னது தப்பா?

திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி மூன்று பக்கம் கைப்பட எழுதி அனுப்பியிருக்கிறார். வயது 29. வார நாளில் கம்பெனி வேலை, சனி ஞாயிறு காலையில் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் ஃபுட்பால் பயிற்சி. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட அணி ஒன்றை இரண்டு வருஷமாக வளர்த்து வருகிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, கடிதத்தின் சாரத்தைத் தருகிறேன்.

"போன மாதம் ஒரு செவன்ஸ் டோர்னமென்ட், அணிக்கு ஏழு பேர். லீக் மேட்சில் எங்களுக்கு எதிரே உசிலம்பட்டி பக்கத்து கிராமப் பள்ளி அணி. மூன்று பையன்களுக்கு ஷூகூட இல்லை. ஹாஃப் டைமில் 9-0. எனக்கே சங்கடமாகிவிட்டது. 'இனிமே யாரும் கோல் அடிக்காதீங்கடா, பந்த உங்களுக்குள்ளயே பாஸ் பண்ணிக்கிட்டு இருங்க' என்று சொல்லி அனுப்பினேன். பிள்ளைகளும் அப்படியே செய்தார்கள். சுற்றி நின்றவர்கள் ஒவ்வொரு பாஸையும் சத்தமாக எண்ண ஆரம்பித்தார்கள். முப்பது தாண்டியதும் கைதட்டல், சிரிப்பு. எதிரணி கீப்பர் போஸ்ட்டில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். மேட்ச் முடிந்ததும் அவர்களுடைய பி.டி. சார் வந்து, 'தம்பி, அடிச்சே முடிச்சிருக்கலாம்ப்பா. எங்க பயலுகள வச்சு வேடிக்கை காட்டிட்டீங்க' என்றார். இந்தப் பக்கம் எங்கள் ஃபார்வர்ட் பையனின் அப்பா, 'கோல் வித்தியாசம் பாப்பாங்க, எம்புள்ள காலக் கட்டிப்போட்டுட்டீங்களே' என்று சண்டைக்கு வந்தார். நல்லது நினைத்துச் செய்தேன், இரண்டு பக்கமும் கெட்ட பெயர்."

இதோடு நான்கு கேள்விகள். நான் செய்தது தப்பா? அந்த அப்பாவுக்கு என்ன பதில்? இனி இப்படிப்பட்ட சின்ன அணிகளோடு மோதாமல் இருப்பதுதான் நல்லதா? சின்ன வயதில் அடி வாங்கினால்தானே பின்னால் எழுந்திரிப்பார்கள், 31-0 என்று தோற்ற பசிபிக் தீவு அணி அமெரிக்கன் சமோவா பிறகு ஜெயிக்கவில்லையா?

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள் இன்னும் ஒன்று இருக்கிறது. "ஸ்கோர் 10-0. அந்தப் பத்தாவது கோலை எங்கள் மாற்று ஆட்டக்காரன், சப் பையன் ஒருவன், சொன்ன பேச்சு கேட்காமல் அடித்துவிட்டான். திட்டினேன். அதிலிருந்து பிராக்டிஸுக்கு வருவதில்லை. அவன் அதுவரை ஒரு மேட்சிலும் கோல் அடித்ததில்லைதான், ஆனாலும் டிசிப்ளின் முக்கியம் இல்லையா." அதற்குக் கடைசியில் வருகிறேன்.

தம்பி, 9-0 வந்தபோது எதிர்ப் பக்கத்துப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தீர்களே, அதுவே பெரிய விஷயம். பல பேர் ஸ்கோர் போர்டைத்தான் பார்ப்பார்கள். உங்கள் மனதில் பிசகு இல்லை. நீங்கள் கையாண்ட வழியில்தான் பிசகு. எங்கே என்று சொல்கிறேன். நான் ஃபுட்பால் ஆடியவள் இல்லை. ஆனால் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை சொல்வது என் தொழில். அதற்கும் மேலே, ஒரு கோல்கீப்பரின் அம்மா. ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியம் தொடங்கி கருவேல முள் மண்டிய கிராமத்து கிரவுண்டுகள் வரை என் மகனின் முதுகைப் பார்த்துக்கொண்டு பல காலைகள் உட்கார்ந்திருக்கிறேன்.

பாஸ் எண்ணப்பட்டபோது நடந்தது

கோல் விழுவது ஆட்டத்தின் ஒரு பகுதி. எதிரணி நம்மை ஒரு அணியாக நினைத்து ஆடுகிறது, நம்மைவிட நன்றாக ஆடுகிறது, அவ்வளவுதான். அதைப் பிள்ளைகள் தாங்குவார்கள். ஆனால் கோல் அடிக்க முடிந்தும் அடிக்காமல் பந்தைச் சுற்றிச் சுற்றி விடும்போது, 'உங்களோடு நாங்கள் ஆடவே இல்லை' என்று மைதானம் முழுக்கத் தெரிகிறது. பதினொரு வயதுப் பையனுக்கு இந்த வித்தியாசம் நன்றாகப் புரியும். அந்தக் கீப்பர் ஒன்பது கோல் விழும்வரை நின்றுகொண்டிருந்தான் என்பதைக் கவனியுங்கள். கோல் நின்ற பிறகுதான் அவன் உட்கார்ந்தான்.

இன்னொன்று, பந்து. பலவீனமான அணி மேட்சை அனுபவிக்க வேண்டுமென்றால் அவர்கள் காலில் பந்து படவேண்டும். ஒன்பது கோல் வாங்கியபோதுகூட ஒன்பது முறை நடுக்கோட்டிலிருந்து கிக் எடுத்தார்கள். உங்கள் இரண்டாம் பாதியில் அதுவும் போய்விட்டது. அந்த பி.டி. சார் சொன்னதில் கோபம் இருந்தாலும் நியாயமும் இருக்கிறது.

நம்ம பக்கம் கபடி பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சுலபமாகப் புரியும். அங்கே ஆல் அவுட் ஆனால் எதிரணிக்கு இரண்டு பாயின்ட் கூடுதல், அதோடு ஏழு பேரும் திரும்ப உள்ளே வந்துவிடுவார்கள். ஒருபக்கமாகப் போகும் ஆட்டத்தை அந்த விதியே ஒரு தடவை தூக்கி நிறுத்திப் பார்க்கிறது. ஃபுட்பாலில் அப்படி எதுவும் தானாக நடக்காது. பெரியவர்கள்தான் செய்துதர வேண்டும்.

நாலைந்து கோலுக்கு அப்புறம் என்ன செய்யலாம்

ஒன்பது வரை காத்திருந்தது தாமதம். நாலு, ஐந்து என்று வந்தவுடனே உங்கள் வேலை மாறிவிட வேண்டும். ஆனால் நீங்கள் மாற்றியது எதிரணிக்கோ சுற்றி நிற்பவர்களுக்கோ தெரியக்கூடாது. கோட்டுக்கு வெளியே நின்று கத்தாமல், சப் மாற்றும்போது காதோடு சொல்லி அனுப்புங்கள்.

ஆட்களை இடம் மாற்றுவதுதான் முதல் வழி. ஃபார்வர்டைப் பின்னால் போடுங்கள், டிஃபன்ஸ் ஆடும் பேக்கை முன்னால் அனுப்புங்கள், உங்கள் கீப்பருக்குக் கொஞ்ச நேரம் கோலை விட்டு வெளியே ஆடக் கொடுங்கள். சிறுவர் ஆட்டத்தில் வெளியே போனவர் திரும்ப உள்ளே வர சர்வதேச ஆட்ட விதிகளே இடம் கொடுக்கின்றன. டோர்னமென்ட் நடத்துபவர்கள் அதை ஏற்றிருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, பந்தை விட்டுக்கொடுங்கள். எதிர் கீப்பர் கோல் கிக் எடுக்கும்போது உங்கள் பிள்ளைகள் எல்லோரும் நடுக்கோடு வரை பின்வாங்கட்டும். அவர்கள் நாலு தப்படி பந்தோடு வரட்டும், அப்புறம் போய் மறியுங்கள். எதிரணிக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும், உங்கள் பிள்ளைகளுக்கு டிஃபன்ஸ் பழக்கம் கிடைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இது சாதாரண ஆட்டமாகத்தான் தெரியும்.

கோல் அடிப்பதைத் தடுக்காதீர்கள், கஷ்டமாக்குங்கள். வலது கால்காரன் இடது காலில்தான் அடிக்கணும், ஓரத்திலிருந்து கிராஸ் வந்தால்தான் அடிக்கணும், இதுவரை அடிக்காதவன் அடித்தால்தான் கணக்கு. வாய்ப்பு வந்தால் முழு மனதோடு அடிக்கட்டும். அடித்த பின் குட்டிக்கரணம் மட்டும் வேண்டாம். 2019 மகளிர் உலகக் கோப்பையில் அமெரிக்கா தாய்லாந்தை 13-0 என்று ஜெயித்தது. உலகம் முழுக்க அதற்கப்புறம் நடந்த வாக்குவாதம் கோல்களைவிடக் கொண்டாட்டத்தைப் பற்றித்தான் அதிகம். அது பெரியவர்களின் உலகக் கோப்பை என்றாலும் பார்த்தவர்களுக்கு எது உறுத்தியது என்பதைக் கவனியுங்கள்.

ஹாஃப் டைமில் எதிரணி ஆசிரியரிடம் போய்ப் பேசலாம். உங்கள் கடிதத்தில் அவர் வருவது மேட்ச் முடிந்த பிறகுதான். "சார், என்ன பண்ணலாம்?" என்று முன்னாலேயே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இருவருமாக ஒரு வழி கண்டுபிடித்திருப்பீர்கள். நார்வேயில் சிறுவர் ஃபுட்பாலில் ஒரு அணி நாலு கோல் பின்தங்கினால் ஒரு ஆளைக் கூடுதலாக இறக்கிக்கொள்ளலாம். அங்கே 11 வயது வருவதற்கு முன்னால் பாயின்ட் பட்டியலே போடக்கூடாது என்ற விதியும் உண்டு. நம்மூர் லீக்கில் அதெல்லாம் எழுதி வைக்கவில்லைதான். ஆனால் இரண்டு பயிற்சியாளர்களும் ஒத்துக்கொண்டு ரெஃப்ரியிடம் சொல்லிவிட்டு உங்கள் பக்கம் ஒருவரைக் குறைத்து ஆட எந்தத் தடையும் இருக்கப் போவதில்லை. நட்பு ஆட்டமாக இருந்தால் இன்னும் சுலபம். இரண்டாம் பாதியில் இரண்டு அணியையும் கலந்துவிடுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். கிராமத்து கிரவுண்டுகளில் போஸ்ட்டுக்கு வலை இருக்காது. கோல் விழுந்தால் பந்து எங்கேயோ முள்ளுக்குள் போகும், வாங்கின கீப்பர்தான் ஓடிப்போய் எடுத்து வரணும். என் மகன் ஒரு நாள் எட்டு தடவை அப்படி ஓடினான். முதல் மூன்று தடவை ஓடினான், அப்புறம் நடந்தான், கடைசி இரண்டு தடவை பந்தை எடுத்துவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றான். காலில் குத்தியிருந்த முள்ளை வீட்டுக்கு வந்துதான் எடுத்தோம். கோல் விழுந்ததைவிட எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அந்த முப்பது அடி தனியாகப் போய் வருவதுதான் கொடுமை. போஸ்ட்டுக்குப் பின்னால் உங்கள் சப் பையன்கள் இரண்டு பேரை நிறுத்தி, கையில் ஒரு உபரிப் பந்தையும் கொடுங்கள். இதற்கு எந்த விதியும் தேவையில்லை.

அடி வாங்கினால் பலம் வருமா

அமெரிக்கன் சமோவா கதையை நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். 2001 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவிடம் அவர்கள் 31-0 என்று தோற்றது உண்மை. 2011 நவம்பரில் டோங்காவை 2-1 என்று வென்றதும் உண்மை, இரண்டு மேட்சிலும் கோலில் நின்றவர் நிக்கி சலாப்பு என்பதும் உண்மை. ஆனால் 2001-ல் அவர்களுடைய வழக்கமான ஆட்டக்காரர்கள் பெரும்பாலோர் பாஸ்போர்ட் பிரச்சினையால் வரமுடியவில்லை. பள்ளி வயதுப் பையன்களை வைத்து அணியை நிரப்பினார்கள். அந்தத் தோல்வி சலாப்புவைப் பலப்படுத்தியது என்பதைவிட, பல வருஷம் விடாமல் துரத்தியது என்று சொல்வதே சரி. ஆட்டத்தை நடத்துபவர்களும் 'அடி வாங்கிப் பழகட்டும்' என்று விட்டுவிடவில்லை. அடுத்த உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் சின்னத் தீவு நாடுகள் முதலில் தங்களுக்குள் மோதும்படி ஏற்பாட்டை மாற்றினார்கள்.

தோல்வி பிள்ளையை வளர்க்கும், மறுக்கவில்லை. 2-1, 3-2 தோல்வியில் 'இதை இப்படிச் செய்திருந்தால்' என்று யோசிக்க இடம் இருக்கிறது. 10-0-வில் அந்த இடமே இல்லை. 'எனக்கு இது வராது' என்ற முடிவுக்குத்தான் பிள்ளை வரும்.

அந்த வயதில் வித்தியாசம் திறமையால் மட்டும் வருவதும் இல்லை. பையன்களுக்கு உயரம் சடசடவென்று ஏறும் பருவம் சராசரியாக 13, 14 வயதில் வருகிறது. சிலருக்கு 11-லேயே தொடங்கிவிடும். ஆதாரில் ஒரே வருஷம் போட்டிருக்கும் இரண்டு பையன்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அண்ணன் தம்பி மாதிரி இருப்பார்கள். உங்கள் அணியில் இன்று பறக்கும் பையன், மற்றவர்கள் வளர்ந்த பிறகு சாதாரணமாகிவிடலாம். அவனுக்கும் இப்போதே இடது காலைப் பழக்கி வைப்பது நல்லது.

ஆகவே சின்ன அணிகளோடு மோதுவதை நிறுத்த வேண்டாம். அவர்களுக்கு வேறு யார் மேட்ச் கொடுப்பார்கள்? மோதும் முறையை மாற்றுங்கள். அந்த பி.டி. சாருக்கு போன் போடுங்கள். நடந்ததற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல்லிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கிரவுண்டுக்கே போய்க் கலப்பு அணிகளாக ஆடலாமா என்று கேளுங்கள். இனி எந்த டோர்னமென்டுக்குப் பெயர் கொடுத்தாலும் எதிரணிகள் எத்தனை வருஷமாக ஆடுகிறார்கள் என்று முன்கூட்டியே விசாரியுங்கள். ஒருபக்க ஆட்டங்களில் பாதி, குலுக்கல் சீட்டு எடுக்கும்போதே முடிவாகிவிடுகின்றன.

எதிர்ப் பக்கம் நீங்கள் நிற்கும் நாள்

வரும். மதுரைக்குள் பெரிய அகாடமி ஏதாவது ஒன்று உங்களை 8-0 என்று அனுப்பும். அன்று பிள்ளைகளிடம் "பரவால்லடா, பரவால்லடா" என்று பத்து தடவை சொல்லாதீர்கள். பரவாயில்லை என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, நீங்கள் சொல்வது காதில் ஏறாது. ஸ்கோரை ஓரமாக வைத்துவிட்டு ஒரு சின்னக் கணக்கு கொடுங்கள். 'அடுத்த பத்து நிமிஷத்தில் மூன்று தடவை நடுக்கோட்டைத் தாண்டணும்.' தாண்டினால் நீங்கள் துள்ளிக் குதியுங்கள். கீப்பர் தடுத்த பந்துகளை யாராவது ஒருவர் எண்ணட்டும். பதினைந்தில் எட்டு உள்ளே போனது என்றால் ஏழு போகவில்லை. கீப்பரை மாற்றுவதாக இருந்தால் அவனிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள். கோல் விழுந்த கையோடு மாற்றினால் அது தண்டனை.

மேட்ச் முடிந்ததும் தண்ணீர், சாப்பாடு. பேச்சு மறுநாள். தோற்ற கோபத்தில் பிள்ளைகளை வெயிலில் ஓடவிடுவது, முட்டி போடவைப்பது எல்லாம் இன்னும் சில இடங்களில் நடக்கிறது. நீங்கள் அப்படிச் செய்பவர் இல்லை என்று கடிதத்திலேயே தெரிகிறது. வேறு எங்காவது பார்த்தால் தெரிந்திருக்கட்டும்: கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவு 17 பள்ளிப் பிள்ளைகளுக்கு உடல் தண்டனையையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. முதலில் தன்மையாகச் சொல்லிப் பாருங்கள், கேட்காவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

தோல்வியைப் பிள்ளைகள் சாயங்காலமே மறந்துவிடுவார்கள் என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலோர் மறப்பார்கள். சனிக்கிழமை காலை மட்டும் வயிற்றுவலி வருகிற பிள்ளை, ராத்திரி தூக்கம் கெடுகிற பிள்ளை, பந்தைத் தொடவே கூச்சப்படுகிற பிள்ளை என்று ஒருவன் இருப்பான். இரண்டு, மூன்று வாரம் அப்படியே நீடித்தால் பெற்றோரிடம் சொல்லி ஆலோசகரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த அப்பாவுக்கு

அவர் கேட்டதில் பாதி சரி. லீக்கில் பாயின்ட் சமமானால் கோல் வித்தியாசம் பார்ப்பது வழக்கம், அது உங்கள் டோர்னமென்ட் விதியில் இருந்ததா என்று தெரிந்துகொண்டுதான் நீங்கள் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் 9-0-வுக்கு மேல் அடுத்த சுற்றுக்கு என்ன தேவைப்பட்டிருக்கும் என்று அவரையே காகிதத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பையன் காலைக் கட்டிப்போட்டது தப்புதான் என்று ஒத்துக்கொள்ளுங்கள். 'இனி அப்படிச் செய்யமாட்டேன், பின்னால் ஆட வைப்பேன், இடது காலில் அடிக்கச் சொல்வேன், அது அவனுக்குத்தான் லாபம்' என்று சொல்லுங்கள். சீசன் தொடங்கும்போதே எல்லாப் பெற்றோரையும் ஒரு நாள் உட்கார வைத்து டீ கொடுத்து இதையெல்லாம் சொல்லிவிட்டால், கோட்டுக்கு வெளியே நின்று சண்டை போட வேண்டியிருக்காது.

அடைப்புக்குறிக்குள் இருக்கும் பையன்

மூன்று பக்கக் கடிதத்தில் இவனுக்கு நீங்கள் கொடுத்த இடம் நாலு வரி, அதுவும் அடைப்புக்குறிக்குள். எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இவன்தான் முக்கியமாகப் படுகிறான்.

அவன் பக்கத்திலிருந்து பாருங்கள். இரண்டு வருஷமாக வருகிறான். பெரும்பாலும் கோட்டுக்கு வெளியே தண்ணீர் பாட்டிலோடு நிற்பவன். அணி 9-0 என்று இருக்கும்போதுதான் உள்ளே விடுகிறீர்கள். மற்றவர்களெல்லாம் ஆசை தீர அடித்து முடித்த பிறகு, இவன் இறங்கும் நேரத்தில் 'கோல் அடிக்கக்கூடாது' என்று விதி வருகிறது. பந்து காலுக்கு வருகிறது, முன்னால் போஸ்ட் காலியாக இருக்கிறது, கீப்பர் வேறு உட்கார்ந்திருக்கிறான். அடித்துவிட்டான். வாழ்க்கையில் முதல் கோல். திரும்பிப் பார்த்தால் அண்ணன் கத்துகிறார். சுற்றிலும் சிரிப்பு.

இதில் டிசிப்ளின் எங்கே வந்தது? பதினொரு வயதுப் பையனால் அந்த நிமிஷத்தில் காலை அடக்கியிருக்கவே முடியாது. இன்னும் சொன்னால், அன்றைக்கு உங்கள் அணியில் கோல் அடிக்க முழு உரிமை உள்ள ஒரே ஆள் அவன்தான். 'இதுவரை அடிக்காதவன் அடித்தால்தான் கணக்கு' என்று சொல்லியிருந்தால், அந்தப் பத்தாவது கோலுக்கு அணி முழுக்க ஓடிவந்து அவனைத் தூக்கியிருக்கும். தூக்குவதைப் பார்த்தால் எதிரணிப் பிள்ளைகளுக்குக்கூட அது பத்தாவது கோலாகத் தெரிந்திருக்காது.

அவன் வீட்டுக்குப் போங்கள். வேறு பையனிடம் சொல்லி அனுப்ப வேண்டாம், போனில் அவன் அம்மாவிடம் பேசுவதும் போதாது. நேரில் போய், வீட்டில் இருப்பவர்கள் கேட்கும்படியே, "உன் மொத கோலு. நான் கத்தியிருக்கக் கூடாது, தப்பு என்மேலதான்" என்று சொல்லுங்கள். அப்போதே 'நாளைக்கு வந்துரணும்' என்று நெருக்காதீர்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் இருக்கலாம், உள்ளே எழுந்து போய்விடலாம். அம்மா கொடுக்கும் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். அவன் வந்தால் அடுத்த மேட்சில் முதல் நிமிஷத்திலிருந்தே இறக்குங்கள், ஸ்கோர் 0-0-வாக இருக்கும்போது. சனிக்கிழமை காலை பிராக்டிஸ் என்று எழுதியிருக்கிறீர்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் போய்விட்டு வந்துவிடுங்கள்.